பில்லில் ஒரு பேட்ச், பெட்டியில் வேறு பேட்ச்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தின் ஒரு பேட்சில், அதாவது ஒரே தடவையில் சேர்த்துத் தயாரித்த ஒரு தொகுதியில், டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் கலந்திருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத நச்சு அது. அந்த மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். பிறகு வந்த விவாதங்களில் தொழிற்சாலை பேசப்பட்டது, மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர் பேசப்பட்டார், ஆய்வாளர்கள் பேசப்பட்டார்கள். தொழிற்சாலைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் நிற்கும் மொத்த விநியோகஸ்தர், நம் வழக்கில் ஸ்டாக்கிஸ்ட், அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த பேட்சில் உங்களுக்கு எத்தனை பாட்டில் வந்தது, அவை இப்போது எங்கெங்கே இருக்கின்றன?

பாட்டிலுக்குள் நச்சு இருக்கிறதா என்று ஸ்டாக்கிஸ்டால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நச்சு என்று தெரிந்துவிட்ட நிமிடத்திலிருந்து, அது எந்தக் கடையின் அலமாரியில் நிற்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர்தான். இந்தியாவின் திரும்பப் பெறுதல் வழிகாட்டுதல்படி, உயிருக்கு ஆபத்தான முதல் வகை மருந்துகளை 24 மணி நேரத்திலிருந்து அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் சந்தையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டாம் வகைக்கு 10 நாள், மூன்றாம் வகைக்கு 30 நாள். இந்த 72 மணி நேரத்தில் ஸ்டாக்கிஸ்டுக்குக் கிடைப்பது சில மணி நேரம். அதற்குள் சரியான பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும்.

பட்டியல் எடுப்பதில் சிரமமே இல்லை. கிட்டத்தட்ட எல்லா ஸ்டாக்கிஸ்டிடமும் கணினி இருக்கிறது. பேட்ச் எண்ணைத் தட்டினால் வாங்கிய கடைகள் வரிசையாக வந்து நிற்கும். மருந்து விதிகளின் 65-ம் விதிப்படி மொத்த விற்பனை பில்லில் பேட்ச் எண் இருந்தாக வேண்டும், பில் பிரதியை 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். அதையும் பெரும்பாலோர் செய்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பில்லில் அச்சாகும் பேட்ச் எண்ணும், கடைக்குப் போன பெட்டிக்குள் இருக்கும் ஸ்டிரிப்பின் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கம்பெனி டிப்போவிலிருந்து சரக்கு வருகிறது. கூடவே இன்வாய்ஸ் கோப்பு மின்னஞ்சலில் வந்துவிடும். அதை அப்படியே சாஃப்ட்வேரில் ஏற்றினால் 200 ஐட்டங்களும் பேட்ச், எக்ஸ்பயரி, எம்.ஆர்.பி. சகிதம் இரண்டு நிமிடத்தில் பதிவாகிவிடும். இறக்குபவர்கள் பெட்டிகளை எண்ணுகிறார்கள், சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இன்வாய்ஸில் 20 பெட்டியும் ஒரே பேட்ச் என்று இருக்கும். உள்ளே 14 பெட்டி அந்த பேட்ச், 6 பெட்டி அடுத்த பேட்ச். டிப்போவில் எடுத்துக் கொடுத்தவர் செய்த தவறு அங்கேயே கணினிக்குள் நுழைந்துவிட்டது. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற 10+1 ஸ்கீமில் வரும் சரக்கு இன்னும் மோசம். அது பல நேரம் வேறு பேட்சாக இருக்கும். வாங்கிய சரக்கின் பேட்சிலேயே சேர்த்துப் பதிந்துவிடுவார்கள்.

அடுத்தது விற்கும்போது. முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும் என்று சாஃப்ட்வேர் தானாகவே பழைய பேட்சைத் தேர்ந்து பில் போடும். ஆனால் ரேக்கில் புதுச் சரக்கை முன்னால் அடுக்கியிருப்பார்கள். மாலை ஐந்து மணி, கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் லைன் வண்டி கிளம்பப் போகிறது, கையில் நாற்பது ஐட்டம் உள்ள பில். எடுப்பவர் கைக்கு எட்டியதை எடுக்கிறார். மருந்தின் பெயர் சரி, பவர் சரி, எண்ணிக்கை சரி. பேட்சை யாரும் பார்ப்பதில்லை. கடைக்காரரும் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார். கணினியைப் பொறுத்தவரை பழைய பேட்ச் விற்றுத் தீர்ந்தது. உண்மையில் அது ரேக்கின் பின்வரிசையில் அப்படியே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எக்ஸ்பயரியாக வெளிப்படும். எக்ஸ்பயரி நஷ்டத்துக்கு ஸ்டாக்கிஸ்டுகள் கம்பெனியைக் குறை சொல்வது உண்டு. அதில் ஒரு பங்கு இந்தப் பின்வரிசைச் சரக்குதான்.

இதைச் சரிசெய்யப் பெரிய முதலீடு வேண்டாம். ரேக்கில் ஒரு தட்டு அறைக்கு ஒரு பேட்ச் என்று கட்டாயமாக்க வேண்டும். அதே மருந்தின் புதிய பேட்ச் வந்தால் அதற்கு வேறு அறை. அறையின் எண் பில்லில் அச்சாக வேண்டும். இறக்கும்போது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பெட்டியைத் திறந்து, பேட்ச் எண்ணின் கடைசி மூன்று எழுத்தை இன்வாய்ஸில் கையால் எழுதி டிக் செய்ய வேண்டும். டிக் மட்டும் போடச் சொன்னால் பார்க்காமலே போட்டுவிடலாம், மூன்று எழுத்தை எழுதப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பேக்கிங் மேசையில் சரக்கு எடுத்தவரே சரிபார்க்கக் கூடாது. ஒருவர் ஸ்டிரிப்பைப் பார்த்துப் பேட்சை வாசிக்க, இன்னொருவர் பில்லில் பார்க்க வேண்டும். பில்லைப் பார்த்து வாசித்தால் காது கேட்டதையே கண்ணும் பார்க்கும்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முக்கிய பிராண்டுகளில் கியூ.ஆர். அல்லது பார்கோடு கட்டாயமாகிவிட்டது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதிலேயே இருக்கின்றன. ஒரு ஸ்கேனரை பேக்கிங் மேசையில் வைத்தால் இந்த 300 பிராண்டுகளுக்கு வாசிப்பு வேலையே குறைந்துவிடும். ஆனாலும் விற்பனைக்கு மட்டும் பயன்படும் கோடாகவே அதை இன்னும் பலர் நினைக்கிறார்கள்.

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்டாக்கிஸ்டுகளின் அலுவலகச் சுவர்களில் இப்போது அது தொங்கத் தொடங்கியிருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் டெண்டரில் கேட்பது ஒரு காரணம். ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் நேரடியாகச் சான்றிதழ் தருவதில்லை. சான்றளிக்கும் நிறுவனங்கள் தருகின்றன. அந்த நிறுவனத்துக்கே அங்கீகாரம் இருக்க வேண்டும். இந்தியாவில் என்.ஏ.பி.சி.பி. அந்த அங்கீகாரத்தைத் தருகிறது. முறையான சான்றிதழ் 3 ஆண்டு சுழற்சி, ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. குடோனுக்குள் யாரும் வராமல், சில ஆயிரம் ரூபாய்க்கு இரண்டே நாளில் மின்னஞ்சலில் வந்து சேரும் சான்றிதழுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அதனோடு வரும் அறுபது பக்க ஆங்கிலக் கையேட்டில் சில சமயம் வேறு நிறுவனத்தின் பெயர்கூட அழிபடாமல் இருக்கும்.

ஆனால் 2015 பதிப்புத் தரநிலையை உட்கார்ந்து படித்தால், மருந்து மொத்த வணிகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலவே இருக்கிறது. 8.3 பிரிவு வடிவமைப்பைப் பற்றியது. நாம் மருந்தை வடிவமைக்கவில்லை, காரணம் எழுதி விட்டுவிடலாம். 8.4 யாரிடம் வாங்குகிறோம் என்பது. 8.5.2 பேட்சை அடையாளம் காண்பது, பின்தொடர்வது. 8.5.4 கெடாமல் காப்பது. 8.7 தரம் தவறிய சரக்கைப் பிரித்து வைப்பது. 7.1.5 அளவுக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்பது. 10.2 தவறு நடந்தால் காரணம் தேடுவது. 8.3 போக மீதி ஆறையும் ஆளுக்குப் புரியும் தமிழில், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, அந்தந்த வேலை நடக்கும் இடத்தில் ஒட்டினால் முக்கால் வேலை முடிந்தது. மேலாளர் மேசைப் பூட்டுக்குள் இருக்கும் கோப்பு லோடுமேனுக்கு உதவாது.

செய்து பார்க்க வேண்டிய முதல் பரிசோதனை ஒத்திகைத் திரும்பப் பெறுதல். ஆண்டுக்கு இரண்டு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், மூன்று மாதத்துக்கு முன் வந்த ஏதாவதொரு பேட்சை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 500 பாட்டில் வாங்கி, ஸ்கீமில் 50 சேர்ந்து 550 வந்தது என்று வைப்போம். ரேக்கில் 96 இருக்கிறது. திரும்பி வந்த சரக்கு அறையில் 8. உடைந்தது 3. திரும்பி வந்ததைக் கழித்துக் கடைகளுக்குப் போனது 431. கூட்டினால் 538. மீதி 12 பாட்டில் எங்கே? அநேகமாக ஒரு முழுப் பெட்டி, வேறு பேட்சின் பெயரில் பில்லாகி ஏதோ ஒரு கடையில் இருக்கிறது. நிஜமான திரும்பப் பெறுதலில் அந்தக் கடைக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். அதன் பெயர் பட்டியலிலேயே இருக்காது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றைத்தான் ஒரு தாய் வாங்கிப் போவாள். ஆகவே 98 சதவீதம் கணக்கு சரி என்று கோப்பை மூடக் கூடாது. 12 கிடைக்கும் வரை தேட வேண்டும். அதே ஒத்திகையில் கடைகளின் போன் எண்களையும் சோதியுங்கள், ஞாயிற்றுக்கிழமை எடுப்பார்களா என்பது உட்பட.

திரும்பி வரும் சரக்கு தனிக் கதை. கடைக்காரர் நான்கு ஸ்டிரிப்பை ரப்பர் பேண்ட் போட்டு டெலிவரி பையனிடம் கொடுத்துவிடுவார். பேட்சும் தேதியும் ஸ்டிரிப்பின் ஒரு முனையில்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த முனையிலிருந்தே மாத்திரையை வெட்டி விற்றிருந்தால் மீதியின் ஜாதகமே தெரியாது. அப்படி வந்ததை வாங்கவே கூடாது. எடுத்துக்கொண்ட சரக்கும் நேராக ரேக்குக்குப் போகக் கூடாது. பூட்டுள்ள தனி அறை, சிவப்புப் பலகை, சாவி உரிமத்தில் பெயருள்ள தகுதி பெற்ற நபரிடம். அந்தப் பேட்ச் அந்தக் கடைக்கு நாம் பில் போட்டதுதானா, எத்தனை நாள் வெளியே இருந்தது, பெட்டி பிரியாமல் இருக்கிறதா என்று அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் மறுவிற்பனை. குளிரில் வைக்க வேண்டிய மருந்து எதுவானாலும் ஒருமுறை வெளியே போய்வந்தால் மறுபடி விற்பனைக்கு இல்லை. கடைக்காரர் ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தேன் என்று சொல்வார். அதை நிரூபிக்க அவரிடமும் எதுவும் இல்லை, நம்மிடமும் இல்லை. இந்த நஷ்டத்தை ஏற்கத்தான் வேண்டும்.

வெப்பநிலைக்கு வருகிறேன். ‘30 டிகிரிக்கு மிகாமல் வைக்கவும்’ என்று அச்சிட்ட மருந்துகளைத் தகர ஷீட் போட்ட குடோனில் மே மாதம் வைத்துக்கொண்டு, வாசல் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, காலை 26, மாலை 27 என்று ரிஜிஸ்டரில் எழுதுவதைப் பல இடங்களில் காணலாம். ஒரு மாதப் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு. மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பியது பார்த்தாலே தெரியும். குடோனின் உண்மையான சூடு கூரைக்கு அடியில், மேல்தட்டில் இருக்கிறது. அதை அறிய, தானாகப் பதியும் டேட்டா லாகர்களைக் குறைந்தது 7 நாள், ஞாயிறும் சேர்ந்து வரும்படி, கோடையில் ஒருமுறை வைக்க வேண்டும். 20 அடிக்கு 30 அடி உள்ள குடோனுக்கு ஒன்பது போதும்: மேற்கு மூலை மேல்தட்டு, கூரை ஒட்டு, கதவருகே, ஏ.சி. காற்று நேராகப் படும் இடம், நடு ரேக்கின் மேல், நடு, கீழ் போன்ற இடங்களில். எங்கே அதிகச் சூடு பதிந்ததோ அங்கேதான் நிரந்தரத் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். அந்த மேல்தட்டில் மருந்தே வைக்காமல் காலி அட்டைப்பெட்டி வைப்பதுகூட ஒரு நல்ல தீர்வு. லாகரும் தெர்மாமீட்டரும் ஆண்டுக்கொருமுறை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

இன்சுலின், தடுப்பூசி முதலியவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி. இங்கே எல்லோரும் பயப்படுவது சூட்டுக்கு. உறைவதற்கு யாரும் பயப்படுவதில்லை. உறைந்த இன்சுலின் பயன்படாது. அலுமினியம் சேர்ந்த தடுப்பூசிகளான ஹெபடைடிஸ் பி, டி.பி.டி. போன்றவை உறைந்தால் வீரியம் போய்விடும். வீட்டு ஃபிரிட்ஜில் பின்சுவரை ஒட்டியும் ஃபிரீசருக்கு அடியிலும் இது சத்தமில்லாமல் நடக்கும். வழியில் நடப்பது இன்னும் அதிகம். காலையில் ஃபிரீசரிலிருந்து கல்லாய் உறைந்த ஐஸ் பேக்கை எடுத்து, தெர்மோகோல் பெட்டியில் இன்சுலினை நேராக ஒட்டி வைத்து, டேப் ஒட்டி அனுப்புகிறார்கள். பெட்டியைத் திறப்பவர் ஜில்லென்று இருக்கிறதே என்று திருப்திப்படுகிறார். உள்ளே ஐஸ் பேக்கைத் தொட்டுக்கொண்டிருந்த இன்சுலின் குப்பி அரை மணி நேரத்துக்கு முன் உறைந்து, இப்போது உருகியும்விட்டது; பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முறை எளிது. ஐஸ் பேக்கை வெளியே எடுத்து மேசையில் பரப்பி வைக்க வேண்டும். மேலே வியர்க்கும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகலாம். எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்காதீர்கள். மார்கழிக்கும் சித்திரைக்கும் வித்தியாசப்படும். காதுதான் அளவு. பேக்குக்கும் மருந்துக்கும் நடுவே அட்டை ஒன்று. பெட்டியை நம்புவதற்கு முன், உங்கள் மிக நீண்ட லைன் எதுவோ அதில், சித்திரை வெயிலில், மருந்துக்குப் பக்கத்தில் லாகர் வைத்து அனுப்பிப் பாருங்கள். கடைசிக் கடை வரை 2-க்குக் கீழும் 8-க்கு மேலும் போகவில்லை என்றால் அந்தப் பெட்டி, அத்தனை பேக், அந்த அடுக்குமுறை தேறியது. ஒன்றை மாற்றினாலும் மறுபடி சோதனை.

வாங்கும் பக்கத்தில் ஒரே எச்சரிக்கை: விலை. ஸ்டாக்கிஸ்டுக்குக் கம்பெனி தரும் லாபம் வழக்கமாக விலைக் கட்டுப்பாட்டு மருந்துக்கு 8 சதவீதம், மற்றவற்றுக்கு 10. இந்த நிலையில் ஒருவர் கம்பெனி விலைக்கும் கீழே 15 சதவீதம் குறைத்து அதே பிராண்டைத் தருகிறேன் என்றால், அந்தச் சரக்கு வந்த வழியைக் கேட்க வேண்டும். அவர் உரிமம், கம்பெனியிலிருந்து அவருக்கு வந்த பில்லின் பேட்ச், இரண்டும் இல்லாமல் ஒரு பாட்டில்கூட உள்ளே வரக் கூடாது. விற்கும் பக்கத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். கடையின் உரிமம், ஐந்தாண்டுக் கட்டணம் கட்டிய தேதி இரண்டும் சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும். தேதி தாண்டினால் பில் விழக் கூடாது. டேபென்டடால் என்ற வலி நிவாரண மாத்திரையை மாதம் 20 ஸ்டிரிப் வாங்கிய கடை திடீரென 200 கேட்டால், அது நல்ல ஆர்டர் என்று சந்தோஷப்படாமல் நிறுத்தி விசாரிக்க வேண்டும். அந்த மாத்திரை இளைஞர்களிடம் போதைக்காகப் போவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தவறு செய்தவர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரையான கிளிமிபிரைடு 1 மில்லிகிராமுக்குப் பதில் 2 மில்லிகிராம் போய்விட்டது என்று வைப்போம். பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடிய தவறு. எடுத்தவருக்கு 500 ரூபாய் பிடித்தால் விஷயம் முடிந்ததா? அடுத்த முறை அவர் தவறைச் சொல்லவே மாட்டார். கடைக்காரரிடம் தனியே பேசி மாற்றிக்கொள்வார். எதனால் நடந்தது என்று போய்ப் பார்த்தால் காரணம் ரேக்கிலேயே இருக்கும். அகர வரிசைப்படி அடுக்கியதால் 1-ம் 2-ம் அடுத்தடுத்த அறையில், ஒரே நிற ஸ்டிரிப்பில் இருக்கின்றன. ஒன்றை வேறு ரேக்குக்கு மாற்றி, அறையில் மஞ்சள் நாடா ஒட்டினால் அந்தத் தவறு நின்றுவிடும். ஆயிரம் பில் வரிக்கு எத்தனை தவறு என்று வாராவாரம் எண்ணிச் சுவரில் எழுதினால் போதும், யாருடைய பெயரும் வேண்டாம்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-லிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி அனுப்புகிறது. அங்கே ஒவ்வொரு பேட்சும் பரிசோதனை முடிவு வரும்வரை தனியாக நிற்கும், தேறினால்தான் வெளியே போகும். தனியார் ஸ்டாக்கிஸ்டிடம் ஆய்வகம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இறங்கிய சரக்கு, பேட்ச் சரிபார்க்கும் வரை விற்பனைக்கு இல்லை என்ற தடுப்பை சாஃப்ட்வேரில் போடுவது அரை நாள் வேலை.

மருந்து கம்பெனிகளிடம் இரண்டு கோரிக்கை. பேட்ச் எண்ணையும் காலாவதியையும் ஸ்டிரிப்பின் இரு முனையிலும் அச்சிடுங்கள். ஸ்கீம் சரக்கின் பேட்சை இன்வாய்ஸில் தனி வரியாகக் காட்டுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் ஒன்று: ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பில் புத்தகத்தையும் உரிமத்தையும் பார்ப்பதோடு, மாலை ஐந்து மணிக்கு வந்து, லைனுக்குப் போகக் கட்டி வைத்திருக்கும் பெட்டிகளில் ஏதாவது மூன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்டிரிப்பின் பேட்சையும் அதன் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்து மொத்த விநியோகத்தில் தர மேலாண்மைப் பணி செய்பவர்,
மதுரை.